மேல்தோலுக்கு மூன்றாம் நாள் காரியம்

நுணுக்கம்பட்டியில் முட்டாள்கள் கிடையாது. இதை அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். நீங்கள் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை, பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். மற்ற ஊர்களில் ஒருவர் ஒன்று சொன்னால், கேட்பவர் அதில் பாதியைத் தள்ளி, மீதியை மாற்றி, கடைசியில் தனக்குத் தோன்றியதைச் செய்வார். நுணுக்கம்பட்டியில் அந்த அலட்சியம் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கண்மாய்க் கரையில் "இங்கே யாரும் குளிக்கக் கூடாது" என்று ஒரு பலகை நட்டார்கள். பலகை நிற்கிற அந்த ஒரு சாண் மண்ணில் இன்றுவரை யாரும் குளித்ததில்லை. கண்மாயில் எப்போதும்போலக் குளிக்கிறார்கள்.

அந்த ஊரில் சாமியானாவும் நாற்காலியும் அண்டா குண்டாவும் வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. நடத்துபவர்கள் நான்கு பங்காளிகள். மூத்தவன் இருளாண்டி, யோசிக்கவேண்டியதெல்லாம் அவன் பொறுப்பு. அடுத்தவன் சொர்ணவேல், எட்டாவது வரை படித்தவன், எதையும் ஒருமுறை கேட்டால் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். மூன்றாமவன் மொக்கச்சாமி, ஊர் ஊராகப் போய்ச் சேதி சொல்லி வரும் கால்கள் அவனுடையவை. கடைக்குட்டி தவசிலிங்கம். தாய் தகப்பன் இல்லை, தாய்மாமனும் இல்லை. இந்த மூன்று அண்ணன்மார்தான் அவனுக்கு எல்லாம். இது அவனுடைய கதை. இன்னும் சரியாகச் சொன்னால், அவனுடைய முகத்தின் கதை.

காலையில் எத்தனை தரம் கழுவினாலும், வெயில் ஏறுவதற்குள் தவசியின் நெற்றியில் எண்ணெய் மின்னும். கன்னம் இரண்டிலும் பரு. ஒன்று அடங்கினால் பக்கத்தில் இன்னொன்று எழுந்து வந்து, அடங்கினதன் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். இருபத்தொன்பது வயதாகிவிட்டது. இந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் பாதிக்கு வாசலில் வாழைமரம் கட்டியது அவன் கைதான். தன் கல்யாணத்துக்கு மரத்தைத் தானே கட்டிக்கொள்வதா, இல்லை அண்ணன்களை நம்பி விடுவதா என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். பெண் ஒன்றுதான் பாக்கி. வந்த இரண்டு சம்பந்தமும் முகத்தைப் பார்த்ததும் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டன.

மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. வாகைக்குளம் காசிமாயன் மகள் பவளக்கொடி. காசிமாயன் முறை தவறாத மனிதர். எதிரே வரும் ஆடு மாட்டுக்கும் முறைப்படி வழிவிட்டு நிற்பார். அவருக்குத் தவசியின் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டு எடுத்த படம். விளக்கின் வெளிச்சமும் முகத்தின் எண்ணெயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில், படத்தில் சட்டை, கழுத்து, இரண்டு காது எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"ஆளு கடவுளா மனுசனான்னே தெரியலையே. எதுவா இருந்தாலும் எனக்குப் பிடிக்கல," என்றாளாம் பவளக்கொடி. பிறகு மனம் இளகி, "சரி, வீடு பாக்கப் போறப்ப நானும் வாரேன். பக்கத்துல வச்சு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்," என்றாளாம்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சேதி வந்தது. அன்று சனிக்கிழமை. நான்கு பேரும் கடையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

"எண்ணெய்னா எண்ணெய்தான்," என்று தொடங்கினான் மொக்கச்சாமி. "அண்டாவுல இருந்தா என்ன, மூஞ்சில இருந்தா என்ன? எடுக்கிற வழி ஒண்ணுதானே?"

"செக்குல குடுத்தா?" என்றான் சொர்ணவேல்.

இருளாண்டி கண்ணை மூடி யோசித்தான். "குடுத்தா எண்ணெய் வரும், இல்லேங்கல. மிச்சம் என்ன வரும்? பிண்ணாக்கு. மாப்பிள்ளை பிண்ணாக்கா இருந்தா பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாக?"

இது நியாயமாகவே தவசிக்கும் பட்டது.

செக்கு வேண்டாம் என்று முடிவானது. பந்திக்குப் போய்வந்த அண்டாவைத் துலக்குகிற புளி, செங்கல்தூள், தேங்காய் நார் மூன்றும் வந்தன. இதில் நான்கு பேருக்கும் கை தேர்ந்த பழக்கம். தவசியைக் குப்புறக் கவிழ்க்காததுதான் குறை. மற்றபடி அண்டாவுக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் அவன் முகத்துக்கும் நடந்தது.

"பளபளப்பு வந்திருக்கா?" என்று கேட்டான் இருளாண்டி.

"செவப்புதான் வந்திருக்கு."

"அப்ப செம்பு. பித்தளையா இருந்தா மஞ்சளாயிருக்கும்."

மறுநாள் செம்பு வீங்கியது. முன்பு தனித்தனியாக இருந்த பருக்கள் கூட்டுக்குடும்பமாகிவிட்டன. தவசி கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அதைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தான். வெள்ளிக்கிழமை மோருக்குத் தயிர் போதுமா என்று அவனுக்கு இப்போதே கவலை வந்துவிட்டது.

திங்கட்கிழமை சொர்ணவேல் அவனைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். மருந்துக்கடையில் இருந்த அக்கா தவசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எதப் போட்டுத் தேச்சீங்க?" என்று கேட்டார். சொன்னார்கள். அவர் அலமாரி முழுவதும் தேடினார். பிறகு ஒரு டியூப்பை எடுத்து வைத்தார்.

"இங்க பாருங்க தம்பி. எண்ணெய்த் தோலு, பரு வேற இருக்கு. கரடுமுரடா எதுவும் படக்கூடாது. சீனி, உப்பு, ஓடு பொடிச்சதுன்னு எதையும் போட்டுத் தேய்க்காதீங்க, பருவக் கீறிவிட்டுரும். இது பரு உள்ளவங்களுக்குன்னே வர்ற ஸ்க்ரப்பு, ரொம்ப மைல்டு. மேல படிஞ்சு கெடக்குற செத்த தோல எடுத்துரும். முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ஒருநாள் விட்டுப் பாருங்க, எரிச்சல் இல்லேன்னா மூஞ்சிக்குப் போடலாம். வட்டமா தேய்க்கணும், அழுத்தவே கூடாது. அப்புறம் கழுவிருங்க. வாரத்துக்கு ரெண்டே தடவைதான். இப்ப இருக்கிற புண்ணு ஆறட்டும், ரெண்டு மூணு நாளைக்கு மூஞ்சியத் தொடாதீங்க."

நல்ல யோசனை, ஒரு குறையும் சொல்லமுடியாது. சொர்ணவேல் அதைப் பஸ்ஸில் நான்கு முறை ஒப்பித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

கடையில் இருளாண்டியும் மொக்கச்சாமியும் காத்திருந்தார்கள். முதல் வேலை, காதுக்குப் பின்னால் தடவுவது. தவசியை நேராக நிறுத்தினார்கள். இருளாண்டி அவன் காதைப் பிடித்து, பந்தக்கால் நடும்போது பார்ப்பதுபோல் ஒற்றைக்கண்ணை மூடிப் பின்னால் நோக்கினான்.

"காதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"செவருண்ணே," என்றான் மொக்கச்சாமி.

"நடுவுல வேற ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. காது, அப்புறம் செவரு."

தவசிக்கு ஏதோ ஒன்று இடித்தது. "அண்ணே, அந்தக்கா சொன்னது…"

"என்ன சொன்னாக? சொர்ணம், சொல்றா."

"காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ஒருநாள் விட்டுப் பாருங்க," என்று சொர்ணவேல் அந்த அக்காவின் குரலிலேயே சொன்னான். தவசி சுவரைவிட்டு நகர்ந்துகொண்டான். சுவரில், சரியாக அவன் காது உயரத்தில், டியூப்பைப் பிதுக்கித் தேய்த்தார்கள். சுவர் விஷயத்தில் அழுத்தக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, அது தாங்கும். மறுநாள் காலையில் மொக்கச்சாமி சுவர் அருகே போய், "எரியுதா?" என்று கேட்டான். பதில் இல்லை. மரியாதைக்காக இன்னொரு தரம் கேட்டான். எரிச்சல் இல்லை என்று முடிவானது. அந்த இடம் மட்டும் முட்டைபோல் வழவழவென்று ஆகியிருந்தது. மேலே போன பல்லி ஒன்று அங்கே வந்ததும் சறுக்கி விழுந்தது.

"நல்ல மருந்துதான்," என்றான் இருளாண்டி. "ஆமா, இது மூஞ்சில என்ன செய்யும்னு சொன்னாக?"

"மேல படிஞ்சு கெடக்குற செத்த தோல எடுத்துரும்."

இருளாண்டி தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்தான். "திரும்பச் சொல்லு."

"செத்த தோல."

"செத்துருச்சா?"

சொர்ணவேல் தலையசைத்தான்.

"எப்பச் செத்துச்சாம்?"

"கேக்கலண்ணே."

"கேக்காம வந்துட்டியேடா! நேரங்காலம் தெரியாம எப்படிடா காரியம் பண்றது? பொணத்த மூஞ்சிலயே வச்சுக்கிட்டு பஸ்ஸுல வேற வந்திருக்கீக. டிக்கெட் எடுத்தீகளா?"

"எடுத்தோம். ரெண்டு பேருக்குத்தான்."

மொக்கச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தவசி தன் கன்னத்தைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டான். இத்தனை நாள் அது பருவென்று நினைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு சாவு விழுந்திருப்பது தெரியாமல் அதன்மேல் செங்கல்தூள் போட்டுத் தேய்த்திருக்கிறார்களே என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

அடுத்த கேள்வி, உறவுமுறை. யார் செத்தது என்று தெரியாமல் யார் தீட்டுக் காப்பது?

"தோலு இவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான் சொர்ணவேல்.

"இவன் பொறந்தப்ப அதும் பொறந்துச்சா?"

"பொறந்துச்சு."

"ஒரே தாய் வயித்துலயா?"

"ஆமா."

"அப்பக் கூடப் பொறந்ததுதானே!" என்றான் இருளாண்டி. "இவனுக்குக் கூடப் பொறந்ததுன்னா நமக்குப் பங்காளி. நாலு பேருக்கும் தீட்டுதான். எரிக்கிறதா, பொதைக்கிறதா?"

"கல்யாணம் ஆகாததுண்ணே," என்று தழுதழுத்தான் மொக்கச்சாமி. "பொதைக்கணும்."

சாத்திரத்தில் அவர்கள் எங்கும் தவறவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆரம்பம் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் சரியாகவே இருந்தது.

புதன்கிழமை காலை தோலை எடுத்தார்கள். வட்டமாகத் தேய்க்கவேண்டும், அழுத்தவே கூடாது. சொர்ணவேல் உள்ளங்கையில் ஸ்க்ரப்பைப் பிதுக்கிக்கொண்டு தவசியின் கன்னத்துக்குப் போனான். "பட்டா அழுந்தும்," என்று எச்சரித்தான் இருளாண்டி. கையைக் கொஞ்சம் விலக்கினான். "கொஞ்சூண்டு பட்டாலும் கொஞ்சூண்டு அழுந்தும்." இன்னும் விலக்கினான். கடைசியில் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், காற்றில், கண்ணேறு கழிப்பதுபோல் கை வட்டம் போட்டது. தவசி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி இருந்தான். ஸ்க்ரப் சொர்ணவேலின் உள்ளங்கையிலேயே காய்ந்து உதிர்ந்தது.

பிறகு முகத்தைக் கழுவினார்கள். கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் ஒரு எவர்சில்வர் தூக்கில் பிடித்து, மூடி போட்டு, சாமந்தி சுற்றினார்கள். சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் வெளியே போகவேண்டியதில்லை, சொந்தக் கடை. கடை வாசலில் துக்கப் பந்தலைப் பார்த்ததும் ஊர் கூடியது.

"எத்தன வயசு?" என்று கேட்டார் வந்த ஒருவர்.

"இருபத்தொம்பது."

"சாகுற வயசா அது? என்ன செஞ்சுச்சு?"

"மேலயே படிஞ்சு கெடந்திருக்கு. யாருக்கும் தெரியல."

"வெளிய சொல்லாத சுபாவம்," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் தூக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். "மழைக்கும் முன்னால நின்ன மவராசா, வெயிலுக்கும் முன்னால நின்ன மவராசா, உள்ள இருந்தவன ஒருநாளும் காட்டிக்குடுக்கலையே" என்று ஒருத்தி எடுத்துப் பாடியபோது தவசியால் தாங்கமுடியவில்லை. அது உண்மை. அந்தத் தோல் அவனுக்காக எவ்வளவு வெயில் பட்டிருக்கிறது! பதிலுக்கு அவன் அதைத் திட்டாத நாள் உண்டா?

தோலை முருங்கைமரத்தடியில் புதைத்தார்கள். மூன்றாம் நாள் காரியம் வெள்ளிக்கிழமை என்று கணக்கானது. அப்போதுதான் தவசி முனகினான்: "அண்ணே, வெள்ளிக்கிழம பொண்ணு வீட்டுல வாராகளே."

"வரவேணாம்னு சொல்லமுடியுமா? கூப்பிட்டவுக வாயால வராதீகன்னு சொன்னா சம்பந்தம் முறிஞ்சுரும். ஆனா சாவுச் சேதிய மறைச்சாலும் முறிஞ்சுரும். சேதியச் சொல்லுவோம். வர்றதும் வராததும் அவுக முறை. மொக்க, கெளம்பு."

சாவுச் சேதி சொல்லப் போகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, நின்று பேசக் கூடாது. மொக்கச்சாமி வாகைக்குளத்துக்குப் போய், காசிமாயன் வீட்டு வாசலில் நின்று, "தவசி வீட்டுல ஒரு சாவு. கூடப் பொறந்தது. வெள்ளிக்கிழம காரியம்," என்றான். "அடப் பாவமே! உள்ள வாப்பா, எப்படி…" என்று அவர் எழுவதற்குள் திரும்பி நடந்துவிட்டான். முறையென்றால் அப்படித்தான்.

இரண்டு நாளும் தவசிக்குத் துக்கச் சோறு. தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. இறந்தவர் இருந்த இடம் என்பதால் முகத்தில் யாரும் கை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. கண்ணாடி சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தது. அதனால் சிவப்பு வடிந்ததும், வீக்கம் அமுங்கியதும், பருக்கள் குடும்பத்தோடு வெளியேறத் தொடங்கியதும் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை. பந்தலில் தவசி தலையைக் குனிந்து மணையில் உட்கார்ந்திருந்தான். துக்கக்காரனுக்குத் தலையில் புதுத்துண்டால் உருமால் கட்டவேண்டும். தாய்மாமன் கட்டவேண்டும், இல்லை மாமனார் கட்டவேண்டும். அவனுக்கு இருவரும் இல்லை. யார் கட்டுவது என்று இருளாண்டி கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்த வேளையில் வாசலில் வேன் வந்து நின்றது. காசிமாயன் கையில் மஞ்சள் தடவிய புதுத்துண்டுகளோடு இறங்கினார். பின்னாலேயே பவளக்கொடி.

"பாதகம் பண்ணிட்டானே கடவுள்," என்று தவசியின் கையைப் பிடித்துக்கொண்டார் காசிமாயன். தவசி அழுதான். தன் தோலுக்காக இவ்வளவு தூரம் ஒருவர் வந்து அழுவார் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"உருமா கட்ட ஆளில்லாம நிக்கிறோம் மாமா," என்றான் இருளாண்டி.

காசிமாயன் திகைத்தார். "சம்பந்தம் இன்னும் முடிவாகலையே. நான் கட்டுனா முறையாகுமா?"

"கட்டிட்டா முடிவான மாதிரிதானே."

அதில் ஒரு ஓட்டையும் இல்லை என்று அவருக்குப் பட்டது. துண்டை உதறினார். ஆனாலும் மகள் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

பவளக்கொடி அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்குள், விளக்குக்குப் பின்னால், மாலை போட்டு ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். சட்டை, கழுத்து, இரண்டு காது. நடுவில் ஒரு வெளிச்சம். அவள் போட்டோவைப் பார்த்தாள். அதன்கீழே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"இதுல இருக்கிறது நீங்கதானே?"

"இல்லைங்க," என்றான் தவசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது மேல்தோலு. புதன்கிழம எடுத்தோம். நான் உள்ள இருந்தவன்."

காசிமாயன் விரித்த துண்டோடு நின்றார். மோர் கொண்டுவரச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தவசி நினைத்தான்.

பவளக்கொடி இரண்டடி முன்னால் வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நன்றாக, வெள்ளரிக்காய் வாங்குகிறவள்போல் பார்த்தாள்.

"கட்டுங்கப்பா," என்றாள். "போட்டோவுல இருந்தவர எனக்குப் பிடிக்கலைன்னு அன்னிக்கே சொன்னேன்ல? இவரு பரவாயில்ல."

காசிமாயன் உருமால் கட்டினார். கட்டி முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம். "கல்யாணமாகாத சாவு; வருசத் தடை கெடையாது. வர்ற மாசமே தேதி வச்சுக்கலாம். ஆனா இது இத்தோட சரிதானா?"

சொர்ணவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாரத்துக்கு ரெண்டே தடவைதான்," என்றான்.

"வாரத்துக்கு ரெண்டு சாவா?"

"அதுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்காக."

காசிமாயன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விட்டுவிட்டார். "முறைன்னா முறைதான். சீர்வரிசையில பாத்திரத்தக் கொறச்சுக்கிட்டு துண்டு கூட்டி வைக்கிறேன்," என்றார். எல்லாருக்கும் நிம்மதியானது. தவசி உருமாலைத் தொட்டுப் பார்த்தான். வாழைமரத்தைத் தானே கட்டுவதென்று அப்போதே முடிவு செய்தான்.

கிளம்பும்போது பவளக்கொடி செருப்பு மாட்டுவதற்காகக் கடைச் சுவரில் கை ஊன்றினாள். கை சறுக்கியது.

"இதென்ன, இந்த எடம் மட்டும் இப்படி வழவழன்னு இருக்கு?"

"முதல்ல அங்கதான் தேச்சுப் பாத்தோம்," என்றான் மொக்கச்சாமி.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவருக்கும் தோல் போயிருக்கிறது, அதுவும் திங்கட்கிழமையே. இன்றோடு ஐந்து நாளாயிற்று. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு பூப் போடவில்லை. இருளாண்டி மாட்டிய செருப்பை மெல்லக் கழற்றினான். பிரித்துக்கொண்டிருந்த சாமியானாவை அப்படியே விடச் சொன்னான்.

காசிமாயனுக்கு விளங்கிவிட்டது. வேனில் போட்டிருந்த கடைசித் துண்டை எடுத்துவந்து, மஞ்சள் தடவி, உதறி விரித்துக்கொண்டு சுவரின் முன்னால் போய் நின்றார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"செவத்துக்குத் தலை எந்தப் பக்கம் மாப்ள?"